ஸ்லைடு கண்ணாடிக்குள் பொட்டாசியத்தைத் திணிப்பது எப்படி?

கார்த்திகை மழை ஓய்ந்து லேப் அலமாரியைத் திறந்தால், போன வருஷம் வாங்கி வைத்த மைக்ரோஸ்கோப் ஸ்லைடுகள் டப்பாவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தெடுத்தால் புகை படிந்த மாதிரி வெளுத்திருக்கும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இது வழக்கமான கதைதான். பூஞ்சை என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததுதான் எனக்கு மிச்சம். நடந்தது அயனிப் பரிமாற்றம். ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் உள்ளே போகிறது, சோடியம் வெளியே வந்து மேற்பரப்பில் காரமாகத் தங்குகிறது, அந்தக் காரம் கண்ணாடியையே அரிக்கிறது. மண்ணில் பல நூற்றாண்டு புதைந்த கண்ணாடி மணிகள் மங்கிப்போவதும் இப்படித்தான்.

அதே வழியாக வேறு ஆளை, அதாவது பொட்டாசியத்தை, உள்ளே அனுப்பினால் கண்ணாடி பலப்படும். சாதாரணக் கண்ணாடியில் 70 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா, சுமார் 14 சதவீதம் சோடியம் ஆக்சைடு. சிலிக்கானும் ஆக்சிஜனும் பின்னிய வலை இடம் மாறாது. அதன் சந்துகளில் குடியிருக்கும் சோடியம் மட்டும் சூடு கண்டால் நகரும். சோடியம் அயனியின் ஆரம் 1.02 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), பொட்டாசியத்தினுடையது 1.38. பாண்டி-கடலூர் பஸ்ஸில் ஒல்லியான ஆள் எழுந்த இடத்தில் பருமனான ஆள் உட்கார்ந்தால் அந்த சீட்டே நெருக்கிக்கொள்ளும் இல்லையா, அதுதான் மேற்பரப்பில் நடக்கிறது. விரிசல் பெரும்பாலும் மேற்பரப்புக் கீறலில்தான் தொடங்கும், அதுவும் இழுத்தால்தான் திறக்கும். ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருக்கும் பரப்பை இழுத்துப் பிரிக்கக் கூடுதல் விசை வேண்டும். செல்போன் கண்ணாடியின் ரகசியமும் இதுவே.

சரி, வேலைக்கு வருவோம். கல்லூரி லேபில், மஃபிள் ஃபர்னஸும் (மூடிய சூட்டு உலை) கூடவே ஒரு ஆசிரியரும் இருந்தால் மட்டும் செய்யுங்கள். வீட்டு அடுப்பில் வேண்டவே வேண்டாம்.

வெட்ட வேண்டியதை முதலிலேயே வெட்டிவிடுங்கள், அப்புறம் வெட்டினால் வெட்டிய விளிம்பு பலமில்லாமல் போகும். ஸ்லைடுகளைக் கழுவி, உலர்த்தி, எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொட்டாசியத்தைத் தரப்போகும் உப்பான பொட்டாசியம் நைட்ரேட்டை முந்தின இரவே 110 டிகிரியில் உலர வையுங்கள், நம்ம ஊர்க் காற்றில் இதைத் தவிர்க்க முடியாது. உருகிய உப்பில் ஈரம் பட்டால் வெடித்துத் தெறிக்கும். காகிதம், எண்ணெய், கரி, சர்க்கரை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இதற்கு வெடியுப்பு என்று பெயர் வந்தது சும்மா இல்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரத்தில் உப்பு 334 டிகிரியில் உருகும். 430 வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். சூடு கூடினால் சீக்கிரம் முடியுமே என்று ஆசை வரும். ஆனால் 500 டிகிரியை நெருங்கினால் வலையே தளர்ந்து, திணித்த நெருக்கம் கரைந்துபோகும், அப்புறம் பொட்டாசியம் உள்ளே இருந்தும் பயனில்லை. ஸ்லைடுகளைக் கம்பித் தாங்கியில் உப்புக்கு மேலே அரை மணி நேரம் சூடேற்றி, பிறகு மெல்ல இறக்குங்கள். குளிர்ந்த கண்ணாடியை நேராக விட்டால் அங்கேயே பட்டென்று உடையும். உப்புக்குள் ஆறு மணி நேரம் போதும். தூக்கி, சொட்டவிட்டு, ஃபர்னஸிலேயே ஆறவிட்டு, வெதுவெதுப்பான நீரில் வெள்ளை உப்பைக் கரைத்தெடுங்கள்.

இப்போது மறுபடி எடை போடுங்கள். எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சோடியத்தின் அணுநிறை 23, பொட்டாசியத்தினுடையது 39. ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் 16 கூடுகிறது. பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) ஆழத்துக்குப் போனாலே 75க்கு 25 மில்லிமீட்டர் ஸ்லைடு சில மில்லிகிராம் கனத்திருக்கும், நல்ல தராசில் தெளிவாகத் தெரியும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாத கண்ணாடி தராசில் மாட்டிக்கொள்கிறது.

பலத்தைப் பார்க்க, ஸ்லைடை இரண்டு கம்பிகள் மேல் படுக்கவைத்து, நடுவில் கயிற்றில் சின்ன வாளியைத் தொங்கவிட்டு, உடையும் வரை மக்கில் தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணாடி தெறிக்கும், கண்ணுக்குக் கவசம் கட்டாயம். ஒரே ஒரு ஸ்லைடை உடைத்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். எந்தக் கீறல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து உடைக்கத் தேவைப்படும் எடை தாறுமாறாக மாறும், பதப்படுத்தியதில் பத்து, சாதாவில் பத்து என்று உடைத்துச் சராசரி பாருங்கள்.