காவிரிக்காகப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுவை காயும் ஆண்டுகளில் டெல்டாவில் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் மேடையேறி, 'கன்னடன் தண்ணீர் தர மாட்டேன் என்கிறான்' என்று முழங்குவது பெரிய தவறு. அணையைத் திறப்பதும் மூடுவதும் கர்நாடக அரசு. அதன் முடிவைக் கன்னடம் பேசும் அத்தனை பேர் தலையிலும் ஏற்றினால், அங்கேயும் 'தமிழன்' என்றுதான் பேச்சு திரும்பும். பேசியவருக்கு ஒன்றும் ஆகாது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைதான் அடி வாங்குவான். 1991-ல் காவிரி நடுவர் மன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தரச் சொல்லி இட்ட இடைக்கால உத்தரவு டிசம்பரில் அரசிதழில் வந்ததும் அதுதான் நடந்தது. ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வீடு வாசலை விட்டு ஓடிவந்தன.

கணக்கைப் பேசுங்கள். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. இந்த மாதம் எவ்வளவு பாக்கி, அந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்த அமைத்த காவிரி மேலாண்மை ஆணையம் என்ன செய்தது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது தெளிவாகிவிடும். இரு மாநில விவசாயிகளும் 2003-ல் 'காவிரிக் குடும்பம்' என்று கூடி, ஒருவர் வயலுக்கு ஒருவர் போய்ப் பார்த்துப் பேசியவர்கள்தான்.

அடுத்தது வீடியோ. பொய் வீடியோ மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். 2016 செப்டம்பரில் பெங்களூரில் ஒரு மாணவர் அடிபட்ட வீடியோ இங்கே பரவியது, இங்கே கர்நாடகக்காரர்கள் தாக்கப்பட்ட வீடியோ அங்கே பரவியது. இரண்டும் நிஜம். 12-ஆம் தேதி பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் வரிசையாக எரிந்தன, ஊரடங்கு போட்டார்கள். பதற்றமான நாளில் அப்படியொரு வீடியோ வந்தால் போலீசுக்கு அனுப்புங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வேண்டாம்.

அப்புறம், நம் வயலிலேயே இருக்கும் ஆட்கள். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் மேற்கு வங்கத் தொழிலாளர்கள் நடவு நடுகிறார்கள். 'வடக்கன் பிழைப்பைப் பறிக்கிறான்' என்று ஓட்டுக்காகப் பேசுவது தவறு. உள்ளூர்ப் பெண்களுக்கு நடவு வேலை குறைந்திருந்தால், அதைக் கூலி பேசி ஆள் கூட்டிவரும் ஏஜெண்டிடமும் நிலக்காரரிடமும் கேட்க வேண்டும். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழகத்தில் கொல்லப்படுகிறார்கள் என்ற பொய் பரவியபோது, பீகார் அரசே அதிகாரிகளை இங்கு அனுப்பிப் பார்க்கும் நிலை வந்தது. அந்தப் பொய் இந்தியில் பரவியது. அதற்கு மறுப்பைத் தமிழில் மட்டும் சொன்னால் பயந்துபோனவர் காதில் விழாது. நடவுக்கு ஆள் இறங்கும் ஊர்களில் காவல் நிலைய அறிவிப்பும் உதவி எண்ணும் வங்காளத்திலும் இந்தியிலும் முன்கூட்டியே இருக்க வேண்டும்.