720720-க்கு எத்தனை காரணிகள்? தாளும் பேனாவும் போதும்

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த இராமானுஜன், 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றியது அது. 720720 அப்படிப்பட்ட எண். ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

படி 1: உடைப்பது

720 இரண்டு முறை வருகிறது, கவனித்தீர்களா? மூன்று இலக்கங்கள் இப்படித் திரும்ப வந்தால் அந்த எண் 1001-ஆல் வகுபடும். 720720 = 720 × 1001. இதில் 1001 = 7 × 11 × 13; இதை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள், அடிக்கடி கைகொடுக்கும். 720 = 16 × 9 × 5. ஆக,

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

படி 2: எண்ணுவது

ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டாம். ஒரு காரணியை உருவாக்க எத்தனை 2 எடுக்கலாம்? ஒன்றுமில்லாமல், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு: ஐந்து வழி. 3-க்கு மூன்று வழி. மற்ற நான்குக்கும் எடு அல்லது விடு, இரண்டிரண்டு வழி.

5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240

இந்த "ஒன்றுமில்லாமல்" என்பதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். எதையுமே எடுக்காவிட்டால் கிடைப்பது 1. அதுவும் காரணிதானே!

படி 3: 16 வரை

குறுவை அறுத்துக் களத்தில் 720720 மூட்டை நெல் கிடப்பதாக வையுங்கள் (பேராசைதான்). பங்காளிகள் 16 பேர் வரை எத்தனை பேர் வந்தாலும் மிச்சமில்லாமல் பிரிக்கலாம். 1 முதல் 16 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச்சிறிய எண் இதுதான். பதினேழாவது ஆள் வந்தால் ஆளுக்கு 42395 போக 5 மூட்டை மிஞ்சும், பஞ்சாயத்துதான்.

படி 4: அடுக்குகளைப் பார்ப்பது

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. அடுக்குகள் 4, 2, 1, 1, 1, 1 என்று இறங்குமுகமாகவே இருக்கின்றன. மாற்றிப் போட்டால்? 2⁴ × 3² = 144, 2² × 3⁴ = 324. இரண்டுக்கும் காரணிகள் 15-தான், ஆனால் 324 வீணாகப் பெரியது. எனவே சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு. இப்படிப்பட்ட எண்களில் 4, 36 என்ற இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1-தான் என்றும் இராமானுஜன் நிறுவினார்.

இனி நீங்கள்

அவர் கட்டுரையில் தந்த நீண்ட பட்டியலில் ஓர் எண் மட்டும் விடுபட்டுப்போனது: 293318625600.

அது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. படி 2-ஐப் போட்டுப் பாருங்கள், 5040 வர வேண்டும். சரி, அப்புறம் அதை 23-ஆல் பெருக்குங்கள். 6746328388800 வரும், பட்டியலின் கடைசி எண் அது. காரணிகள் 10080, சரியாக இரட்டிப்பு. புதிதாக வந்த 23-க்கும் எடு அல்லது விடு என்ற இரண்டு வழிதானே.