பழைய பீரோ கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள்: 420 சதுர அடி வீட்டில் நான் செய்தது

கும்பகோணத்தில் பாட்டி வீட்டைக் காலி செய்தபோது வெண்கலப் பானையும் ஊஞ்சல் பலகையும் ஆளுக்கொன்றாகப் போய்விட்டன. டிரெஸ்ஸிங் டேபிளை மட்டும் யாரும் சீண்டவில்லை. கால்கள் உளுத்துப் போயிருந்தன, இழுப்பறை இரண்டும் திறக்கவில்லை. எனக்கோ அதன் கண்ணாடியை விட மனமில்லை. இரண்டு தேக்குத் தூண்களுக்கு நடுவே முன்னும் பின்னும் சாய்கிற முட்டை வடிவக் கண்ணாடி. அம்மா, சித்தி, நான் மூன்று பேரும் அதன் முன்னால் உட்கார்ந்துதான் கல்யாணத்துக்குத் தலை பின்னிக்கொண்டோம். தூண்களோடு அதைக் கழற்றி, பழைய ஜமக்காளத்தில் சுற்றி, ரயிலில் காலிடையில் நிறுத்திப் பிடித்தபடியே சென்னைக்குக் கொண்டுவந்தேன்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு 420 சதுர அடி. ஹாலில் கிழக்கே பார்த்த ஒரே ஜன்னல், மற்ற பக்கமெல்லாம் அடுத்தவர் சுவர். என் தையல் மிஷினும் அந்த ஹாலில்தான். முன்பெல்லாம் மத்தியானம் 2 மணிக்கே லைட் போடாமல் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட முடியாது. இன்று 4 மணி வரை தைக்கிறேன். சுவரை இடிக்கவில்லை, ஜன்னலைப் பெரிதாக்கவில்லை. பாட்டியுடைய கண்ணாடி, பக்கத்து வீட்டார் கழித்துவிட இருந்த இரும்பு பீரோவின் கதவுக் கண்ணாடி, நடுவில் கண்ணாடி வைத்த மாமனாரின் கோட் ஸ்டாண்டு, இந்த மூன்றும்தான் காரணம்.

கண்ணாடி முகம் பார்க்கத்தான் என்று நினைத்தால் அதை வாஷ்பேசின் மேலே மாட்டி முடித்துவிடுவோம். சின்ன வீட்டில் அதற்கு வேறு வேலை இருக்கிறது: வெளிச்சத்தை உள்ளே கடத்துவது.

எடுக்குமுன் பாருங்கள்

பழைய சாமானில் கண்ணாடி வாங்குவதாக இருந்தால், அல்லது வீட்டிலேயே ஒன்று கிடந்தால், முதலில் ஒரு பேனா முனையைக் கண்ணாடியில் தொட்டு வையுங்கள். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும். இடைவெளி அதிகமானால் கண்ணாடி தடிமன். பீரோ கண்ணாடி மெல்லிசாகத்தான் இருக்கும். பழைய டிரெஸ்ஸிங் டேபிளில் தடியாக, ஓரத்தில் சரிவாகச் செதுக்கி வருவதுண்டு. அந்தச் சரிவு ஓரம் காலை வெயிலில் சுவரில் சின்னச் சின்ன வானவில் போடும். அப்படி ஒன்று கிடைத்தால் வேறெதையும் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தை விரலால் தடவாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் பரவாயில்லை, சட்டத்துக்குள் மறைந்துவிடும். ஓரத்திலிருந்து உள்ளே ஓடுகிற மயிரிழை விரிசல் இருந்தால் முழுதாக மாட்ட அது உதவாது, வெட்டித்தான் பயன்படுத்த வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த பெல்ஜியம் கண்ணாடி என்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அழகுதான். ஆனால் மிகப் பழைய கண்ணாடி என்றால் பின்பக்கத்தைச் சுரண்டவே கூடாது. கண்ணாடியில் வெள்ளி பூசும் முறையை 1835இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பும், அப்புறம் ஏறக்குறைய 1900 வரையிலும், பாதரசமும் வெள்ளீயமும் கலந்து பூசிய கண்ணாடிகள் இருந்தன. பாதரசம் விஷம். அப்படிப்பட்டதைப் பிரிக்காமல், சட்டத்தோடு அப்படியே மாட்டுவதே நல்லது.

கழற்றுவது

இதில் அவசரம் கூடாது. கண்ணாடியின் முகப்பில் அகலமான ஒட்டுநாடாவைப் பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிவிடுங்கள். உடைந்தாலும் துண்டுகள் சிதறாது. காலில் ஷூ, கையில் தடித்த உறை. குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

மரச்சட்டத்தில் பின்பலகையைத் தாங்கும் ஆணிகளைக் கொறடால் ஒவ்வொன்றாக நேராக இழுக்க வேண்டும், நெம்பக் கூடாது. சில சட்டங்களில் கண்ணாடியைச் சுற்றி மக்கு (புட்டி) வைத்து இறுக்கியிருப்பார்கள். அது காய்ந்து கல் போல இருக்கும். தலை உலர்த்தும் டிரையரால் கொஞ்ச நேரம் சூடு காட்டினால் இளகும்; பழைய கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். ஒரே இடத்தில் நிறுத்திச் சூடு காட்டாதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும். பாட்டி கண்ணாடிக்கு எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. பீரோ கதவில் வேலை சுலபம்: உள்பக்கத் தகட்டின் திருகுகளைத் திருப்புளியால் கழற்றியதும் ரப்பர் பட்டையோடு கையில் வந்துவிட்டது.

கழற்றிய கண்ணாடியைப் படுக்கை வாட்டில் தூக்காதீர்கள். தன் எடையிலேயே நடுவில் வளைந்து முறியும். எப்போதும் செங்குத்தாக, ஓரத்தில் பிடித்துத் தூக்குங்கள். வைக்கும்போதும் ஜமக்காளத்தின் மேல் நிறுத்தி, சுவரில் சாய்த்து வையுங்கள்.

மரம் உளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஊசித் துளைகளும், தட்டினால் மாவு போல உதிர்வதும் அடையாளம். என் தூண்களில் அடிப்பக்கம் 3 அங்குலம் அப்படி இருந்தது. ரம்பம் வைத்து அறுத்துவிட்டேன். மீதியை 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220 போட்டு மரத்தின் இழை போகிற திசையிலேயே தேய்த்தேன். மேலே இருந்த கறுத்த வார்னிஷ் போனதும் உள்ளே தேன் நிறத்தில் தேக்கு தெரிந்தது. அதற்கு மேல் பெயிண்ட் அடிக்க யாருக்கு மனம் வரும்? மெழுகு மட்டும் தடவினேன்.

கறுத்துப்போன கண்ணாடி

பழைய கண்ணாடி என்றால் ஓரத்தில் கறுப்புப் படலம் இருக்கும். துடைத்தால் போகாது, ஏனென்றால் அது அழுக்கு இல்லை. பின்பக்க வெள்ளிப் பூச்சுக்குள் ஓரம் வழியாக ஈரம் புகுந்து பூச்சே கெட்டிருக்கிறது. மறுபடி வெள்ளி பூசச் சொல்லி அலைவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கறுப்பு ஓரத்தோடு நின்றால் சட்டத்தின் அகலத்தைக் கூட்டி மறைக்கலாம். உள்ளே வந்திருந்தால் கண்ணாடிக் கடையில் கொடுத்து அந்தப் பகுதியை வெட்டிவிடலாம். பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் இந்தக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வெட்டச் சொல்லும்போதே ஓரத்தை மழுக்கித் தரவும் சொல்லுங்கள். லேசான புள்ளிகள் என்றால் அப்படியே விடுங்கள். பாட்டி கண்ணாடியில் கீழே இடது பக்கம் பிறைபோல ஒரு கறுப்பு இருக்கிறது. நான் தொடவில்லை.

மேலும் பரவாமல் இருக்க, பின்பக்க ஓரத்தைச் சுற்றி நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு தடவை பூசி உலரவிடுங்கள். துடைக்கும்போது தண்ணீரையோ கிளீனரையோ கண்ணாடி மேல் நேராகத் தெளிக்காதீர்கள், வழிந்து ஓரத்தில் தங்கும். துணியில் நனைத்துத் துடைத்து, பிறகு செய்தித்தாளால் தேய்த்தால் போதும். குளியலறையில் பழைய கண்ணாடி வேண்டவே வேண்டாம்.

எங்கே வைப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கண்ணாடி எதிரே இருப்பதை இரண்டாக்கும், நல்லதையும் கெட்டதையும். பாட்டி கண்ணாடியை முதலில் ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் நாற்காலி மேல் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் வந்தது, ஆனால் வாசலில் நுழைகிறவர்களுக்குச் சமையல்கட்டுத் தொட்டியும் கழுவாத பாத்திரமும் அதில் தெரிந்தன. அடுத்த நாள் ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவருக்கு நகர்த்தினேன். அங்கே அதில் தெரிந்தது ஜன்னலும், எதிர்வீட்டு முருங்கை மரமும் மட்டும். நீங்களும் டிரில் மெஷினைத் தொடுமுன் மூன்று நாளாவது நாற்காலியில் வைத்துப் பாருங்கள். காலை 8, மத்தியானம் 12, சாயங்காலம் 4 மணிக்கு, வாசலில் நின்றும் தரையில் உட்கார்ந்தும் பாருங்கள்.

பாட்டி கண்ணாடியின் அருமை அது சாய்வதுதான். தூண்களை ஒரு பலகையில் பொருத்தி, பலகையைச் சுவரில் அடித்தேன். காலையில் தாழ வருகிற வெயில் கண்ணாடியில் விழுகிறது. மேல்பக்கத்தைப் பின்னால் தள்ளினால் அந்த வெயில் சதுரம் சுவரில் ஏறி, மெதுவாக ஊர்ந்து, கூரைக்குப் போய்விடும். வெள்ளைக் கூரை அதை ஹால் முழுக்கப் பரப்பும். நேராக வைத்தால் அதே வெயில் ஊசி முனையில் அடித்துக் கண் கூசும். இரண்டு விரல் அளவு சாய்வுதான் வித்தியாசம். பித்தளைத் திருகு தளர்ந்து தானாகச் சரிந்துகொண்டிருந்தது. பழைய செருப்புத் தோலில் வட்டமாக ஒரு வாஷர் வெட்டிப் போட்டேன், நின்றது.

மேற்கு ஜன்னல் வீட்டுக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். சாயங்கால வெயிலைக் கண்ணாடி கூட்டிக்கொண்டு வரும், சூடும் கூடவே வரும். அங்கே ஜன்னலைப் பார்க்காத சுவரே நல்லது. பால்கனியில் வைத்தால் தேன்சிட்டு தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்து அலகால் கொத்திக்கொண்டே இருக்கும். பார்க்கச் சங்கடமாக இருக்கும். தயவுசெய்து அங்கே வைக்காதீர்கள்.

பீரோ கண்ணாடியை வாடிக்கையாளர் அளவு பார்ப்பதற்காக மாட்டினேன். இதில் ஒரு தப்பு செய்தேன். மேலே இரண்டு கிளிப், அடியில் ஒரு அடிக்கு சிலிக்கான் பசையை வளைவு வளைவாகப் பூசிச் சுவரில் ஒட்டினேன். பூசும்போதே வினிகர் வாடை அடித்தது. ஆறு மாதத்தில், நான் பசை பூசிய அதே வளைவுகள் கறுப்புக் கோடாக முன்பக்கம் தெரிய ஆரம்பித்தன. வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கானில் இருந்து வெளிவரும் அமிலம் வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். கண்ணாடிக்கென்றே விற்கிற, அமிலமில்லாத நியூட்ரல் சிலிக்கான் கேட்டு வாங்குங்கள். மெல்லிய கம்பியைச் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே விட்டு ரம்பம் போல இழுத்துத்தான் அதைப் பிரித்தேன்.

நாலடிக் கண்ணாடியில் கீழே ஒரு அடியை வெட்ட வேண்டியதாயிற்று. மூன்றடியில் முழு உருவம் தெரியாதே என்று கவலைப்பட்டேன். தெரிகிறது. ஒருவர் தன் முழு உயரத்தையும் பார்க்க அவர் உயரத்தில் பாதி அளவு கண்ணாடி போதும். பின்னால் தள்ளி நின்றாலும் கிட்டே நின்றாலும் கணக்கு ஒன்றுதான். உயரம் 5 அடி 4 அங்குலம் என்றால் 2 அடி 8 அங்குலம். ஆனால் மாட்டும் உயரம் சரியாக இருக்க வேண்டும். கீழ் விளிம்பு, தரைக்கும் கண்ணுக்கும் நடுப்பாதியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். என்னிடம் வருகிற பெண்கள் 4 அடி 10 அங்குலத்தில் இருந்து 5 அடி 4 அங்குலத்துக்குள். தரையிலிருந்து 2 அடி 2 அங்குலத்தில் கீழ் விளிம்பு வைத்தேன். எல்லோருக்கும் புடவைக் கொசுவத்தின் அடி வரை தெரிகிறது. அதனால் பீரோ கண்ணாடி சிறிதாக இருக்கிறது என்று ஒதுக்காதீர்கள்.

மாட்டும் விதம்

எடையைக் கணக்கிடுங்கள். 5 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர அடிக்கு 1 கிலோ 150 கிராம் வரும். சட்டத்தின் மரம் தனி. பாட்டி கண்ணாடி எல்லாம் சேர்த்து 6 கிலோவுக்குப் பக்கம். அதற்கு ஒரே ஆணி போதாது. இரண்டு இடத்தில் துளை, பிளாஸ்டிக் பிளக், 2 அங்குலத் திருகு. பழைய கட்டடத்தில் பூச்சு தடியாக இருக்கும். துளையிடும்போது வெள்ளைத் தூள் நின்று செங்கல் நிறத் தூள் வரும் வரை போக வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கிற திருகு ஒருநாள் கையோடு வந்துவிடும். திருகு எவர்சில்வரில் வாங்குங்கள், இரும்பு துருப்பிடித்துத் தேக்கில் கறை இறக்கும்.

வாடகை வீட்டில் துளை போட முடியாதென்றால் தரையில் நிறுத்திச் சாய்க்கலாம். அடியில் ரப்பர் துண்டு, மேலே ஏற்கெனவே இருக்கிற கொக்கியிலோ ஜன்னல் கம்பியிலோ கட்டு. கட்டாமல் சாய்க்கவே கூடாது, குழந்தை பிடித்து இழுத்தால் மேலே விழும்.

கோட் ஸ்டாண்டுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. வாசல் பக்கம் மாட்டினேன். கொக்கிகளில் சாவி, ஹெல்மெட், குடை. நடுவில் வெளியே போகுமுன் பொட்டு சரிபார்க்க ஒரு சாண் கண்ணாடி.

படுக்கையறையில் கட்டிலுக்கு எதிரே கண்ணாடி வைக்க மாமியார் சம்மதிக்கவில்லை. "ராத்திரி எழுந்தா யாரோ நிக்கற மாதிரி இருக்கும்மா" என்றார். அவர் சொல்வது சரி என்றே எனக்குப் பட்டது, வைக்கவில்லை. உடைந்த கண்ணாடி வீட்டில் இருக்கக்கூடாது என்றும் சொன்னார். வெட்டி எடுத்த ஒரு அடித் துண்டைக் கடைக்காரரிடம் கொடுத்து ஓரம் வழவழவென்று தேய்த்து வாங்கிவந்தேன். நவராத்திரிக்குக் கொலுப்படி பக்கத்தில் தரையில் பூங்கா போட்டோம். கண்ணாடியைப் படுக்கவைத்து, சுற்றி மணலும் முளைவிட்ட கேழ்வரகும் தூவி, மேலே இரண்டு மண் வாத்து வைத்தேன். சிலிக்கான் தின்ற கறுப்புக் கோடுகள் குளத்தின் அடியில் பாசி மாதிரி இருந்தன. மாமியாரே அதில் ஒரு தாமரை மொட்டை வைத்தார்.