அடிக்கடி தொண்டை வலி வருகிறதா? காரணத்தை இப்படித் தேடுங்கள்

போன வருடம் ஆறு மாதத்தில் நான்கு முறை எனக்குத் தொண்டை வலி. ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் சொல்லி ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டேன். குறையும், பத்து நாளில் திரும்ப வரும். கடைசியில் பார்த்தால் கிருமியே காரணமில்லை. இரவு பத்தரைக்குச் சாப்பிட்டு பதினொன்றுக்குப் படுத்ததுதான் காரணம். அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு.

முதலில் ஒரு எச்சரிக்கை. எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, வாயைத் திறக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, கழுத்து வீங்குகிறது என்றால் கீழே உள்ள எதையும் செய்துகொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வலி ஒரு பக்கமாகவே மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலும் டாக்டரைத் தள்ளிப்போடக் கூடாது. புகையிலை, பான் பழக்கம் உள்ளவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

1. நோட்டுப் போடுங்கள்

வலி வந்த நாளில் மட்டும் எழுதினால் போதாது, வராத நாளிலும் எழுதுங்கள். எந்த நேரத்தில் வலி அதிகம், காய்ச்சல் எவ்வளவு, சளி இருமல் உண்டா, இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், கொசுவர்த்தி ஏற்றினீர்களா, வீட்டில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா, இவ்வளவு போதும். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது கணக்கில் வராது.

என் நோட்டில் ஒரு நாள்: "செவ்வாய், காலை 6. விழுங்கினால் எரிச்சல், குரல் கம்மல். காய்ச்சல் இல்லை. 10 மணிக்குச் சரியாகிவிட்டது. நேற்று ராத்திரி பரோட்டா, 10.40." மூன்று வாரம் இப்படி எழுதிய பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே சாப்பிட்டுவிடுவேன். திங்கட்கிழமை காலைகளில் மட்டும் தொண்டையில் ஒன்றுமே இல்லை.

2. வலிக்கும்போது கண்ணாடியில் பாருங்கள்

செல்போன் டார்ச்சை வாய்க்குள் அடித்து "ஆ" என்று சொல்லுங்கள். நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதன் இரண்டு பக்கமும் இருப்பவை டான்சில்கள். வீட்டில் "உள்நாக்கு வளர்ந்திருக்கு" என்று சொல்வது பெரும்பாலும் டான்சில் வீக்கத்தைத்தான். அப்புறம், தாடைக்குக் கீழே விரலால் மெதுவாகத் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இருமல் இல்லாதது, கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறி, டான்சிலில் வீக்கம் அல்லது வெள்ளைச் சீழ். இவற்றில் மூன்று நான்கு சேர்ந்து இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு உண்டு. தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துச் சோதிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நொடி குமட்டும், அவ்வளவுதான்.

மூக்கொழுகல், இருமல், குரல் கம்மலோடு வந்தால் பெரும்பாலும் வைரஸ். அது ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும், ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள், இதமாக இருக்கும்.

ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று உறுதியாகி மாத்திரை எழுதிக் கொடுத்தால், வலி போய்விட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்தாதீர்கள். பென்சிலின், அமாக்சிசிலின் என்றால் வழக்கமாகப் பத்து நாள். சரியாகச் சிகிச்சை எடுக்காத தொண்டைத் தொற்று, பிறகு ருமாட்டிக் காய்ச்சலாக மாறி இதய வால்வையே கெடுக்கலாம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். நம் நாட்டில் இன்னும் ஒழியாத நோய் இது. பிள்ளைக்குப் பத்து நாளும் கொடுத்துவிடுங்கள்.

3. நோட்டைப் படியுங்கள்

காய்ச்சல் இல்லாமல் காலையில் மட்டும் வலித்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, மூக்கடைப்பால் வாய் வழியாக மூச்சு விடுவது. பிள்ளை குறட்டை விட்டு, வாயைத் திறந்தபடி தூங்கினால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். இன்னொன்று, வயிற்று அமிலம் தொண்டை வரை எதுக்களிப்பது. இதற்கு நெஞ்செரிச்சல் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. எனக்கு இருந்ததே இல்லை. அடிக்கடி செருமத் தோன்றும், தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போல இருக்கும்.

தும்மல், கண் அரிப்போடு வந்தால் ஒவ்வாமை. சாம்பிராணி, கொசுவர்த்திப் புகை பட்ட மறுநாள் வலித்தால் விடை அங்கேயே இருக்கிறது.

4. ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

நான்கைந்தை ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. எதுக்களிப்பு என்று தோன்றினால், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். தலையணையை அடுக்குவதால் வயிறுதான் மடங்கும். அதற்குப் பதில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களை அரை அடி உயர்த்துங்கள், ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொண்டை ஆற வாரக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். ஒவ்வாமை என்றால் தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். புகை என்றால் கொசுவலைக்கு மாறுங்கள்.

5. நோட்டோடு டாக்டரிடம் போங்கள்

மாற்றிப் பார்த்தும் குறையவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான். டான்சிலை எடுக்கலாமா என்று யோசிக்க அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: ஒரே வருடத்தில் 7 முறை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5 முறை, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3 முறை. அதுவும் வெறும் கரகரப்பு இல்லை, காய்ச்சல், சீழ், நெறி மாதிரி அறிகுறி பதிவான டான்சில் தொற்றாக இருக்க வேண்டும். அதனால் பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் போடுபவராக இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் போட்டபின் வாய் கொப்பளிக்காவிட்டால், அதுவே தொண்டையைப் புண்ணாக்கும்.