துப்பாக்கி விதி வழக்குகளின் தீர்ப்பை உரிமையாளர் படிக்கும் முறை

அமெரிக்காவில் கூட்டாட்சித் துப்பாக்கி விதியொன்றை நீதிமன்றம் நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தால், அது இடைக்காலத் தடையா, விதியையே ரத்து செய்த தீர்ப்பா என்பதை முதலில் பாருங்கள்; இடைக்காலத் தடை பெரும்பாலும் வழக்குத் தொடுத்தவர்களை மட்டுமே காக்கும். முன்கைத் தாங்கி பொருத்திய கைத்துப்பாக்கிகள் பலவற்றைக் குறுங்குழல் ரைஃபிளாகப் பதிவு செய்யச் சொன்ன 2023 ஜனவரி விதி இதற்கு நல்ல உதாரணம்: அவ்வாண்டு மே மாதத்தில் வழக்காடிகள் சிலருக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது, மற்றவர்களுக்கு மே 31 கெடு அப்படியே நின்றது, 2024 ஜூனில்தான் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் விதியை முழுவதுமாக ரத்து செய்தது.

அடுத்து, விழுந்தது விதியா (அரசுத் துறை வகுத்தது), சட்டமா (நாடாளுமன்றம் இயற்றியது) என்று பிரித்துப் பாருங்கள். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளைப் பதிவு செய்யக் கோரும் 1934ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தீர்ப்பால் அசையவில்லை.

மாநிலச் சட்டத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள் (வம்பு பெரும்பாலும் இங்கேதான்). பம்ப் ஸ்டாக் (ரைஃபிளின் பின்னுதைப்பைக் கொண்டு அதை மிக வேகமாகச் சுட வைக்கும் துணைப்பாகம்) மீதான கூட்டாட்சித் தடையை உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 14 அன்று 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் நீக்கியபோதும், கலிஃபோர்னியாவில் அது தடைசெய்யப்பட்ட பொருளாகவே நீடித்தது. அந்தக் கூட்டாட்சித் தடையின் 2019 மார்ச் கெடுவுக்குப் பணிந்து பம்ப் ஸ்டாக்கை உடைத்துப் போட்டவர்களுக்கோ, உடைந்தது உடைந்ததுதான்.