பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: சேலத்துக்குக் கள ஆய்வுக்கு வரும் இளங்கலை மாணவர்களுக்கு

பி.ஏ. படிக்கும்போதே ஆய்வு உதவித்தொகை வாங்கி, பேராசிரியர் யாராவது நடத்தும் திட்டத்தில் சேர்ந்து, கையில் ஒரு கேள்வித்தாளோடு சேலம் புதிய பேருந்து நிலையத்தில் வந்து இறங்கும் அரசியல் அறிவியல் மாணவர்களை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். நானும் அப்படி இறங்கியவன்தான். இப்போது அவர்களுடைய முதல் வரைவுகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். கோட்பாட்டுப் பகுதியில் பெரிய குறை இருக்காது, நன்றாகவே படித்துவிட்டு வருகிறார்கள். சறுக்குவது எல்லாம் பெயர்களில். ஒரு பெயர் கண்ணில் பட்டதும், அது எந்த வருடத்தில் எதைக் குறித்தது என்று கேட்காமலே அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

‘சேலம்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். 1961 மக்கள்தொகைக் கணக்கையும் 2011 கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போடாத மாணவரை நான் பார்த்ததில்லை. 1961-ன் சேலம் மாவட்டத்துக்குள் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், நாமக்கல் எல்லாமே இருந்தன. 1965-ல் தர்மபுரி தனி மாவட்டமானது. 1997-ல் நாமக்கல் பிரிந்தது. 2011-ல் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 34.8 லட்சம். எல்லையைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் அரை நூற்றாண்டில் இங்கே ஆட்கள் குறைந்துபோனது மாதிரித் தெரியும். அதற்கு ‘இடப்பெயர்வு’ என்று காரணமும் எழுதி, இரண்டு பக்கம் விளக்கமும் கொடுத்திருந்த ஒரு வரைவை நான் படித்திருக்கிறேன். பழைய சேலத்தோடு ஒப்பிட வேண்டுமானால் இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நான்கையும் கூட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தாலுகா அளவுக்கு இறங்கிவிடுங்கள்.

தொகுதிகளிலும் இதே கதை. சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள். அதில் சேலம் மக்களவைத் தொகுதிக்குள் வருபவை ஆறுதான்: ஓமலூர், எடப்பாடி, சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு, வீரபாண்டி. மேட்டூர் தர்மபுரியோடும் சங்ககிரி நாமக்கல்லோடும் போகின்றன. ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சியில். மலைமேல் நின்றால் கீழே சேலம் நகரத்து விளக்குகள் தெரியும், ஆனால் அங்கே இருப்பவர் ஓட்டுப் போடுவது கள்ளக்குறிச்சி எம்.பி.க்கு. 2008-ல் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த மறுவரையறையில் வந்த ஏற்பாடு இது. சேலம்-1, சேலம்-2 என்ற தொகுதிகள் மறைந்ததும் அப்போதுதான். 2006 முடிவையும் 2011 முடிவையும் தொகுதிப் பெயரை வைத்து இணைத்து ‘வாக்கு மாற்றம்’ கணக்கிட்டால், மாறியது வாக்காளரின் மனமா, வரைபடக் கோடா என்று யாருக்கும் தெரியாது.

ஏற்காடு தனித்தொகுதி, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் ஏற்காட்டு வாக்காளர் என்றால் பழங்குடி வாக்காளர் என்று எழுதிவிடுகிறார்கள். தொகுதியின் பெயரில்தான் மலை இருக்கிறது. வாழப்பாடி போன்ற சமவெளி ஊர்களும் அதே தொகுதிதான். 2013 டிசம்பர் 4-ல் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில் தமிழ்நாட்டில் முதன்முறையாக ‘நோட்டா’ (யாருக்கும் வாக்கில்லை) பொத்தான் வந்தது. அதை வைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து அப்போது இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. நோட்டாவில் விழுந்த வாக்குகளைப் ‘பழங்குடியினரின் எதிர்ப்புக் குரல்’ என்று எழுதுவதற்கு முன், வாக்குச்சாவடி வாரியான படிவம் 20-ஐப் பாருங்கள். அது தலைமைத் தேர்தல் அலுவலரின் இணையதளத்தில் கிடைக்கும் ஆவணம். எந்தச் சாவடி மலையில், எந்தச் சாவடி கீழே என்று பிரித்துவிட்டுப் பேசுங்கள். பிரித்த பிறகும் ஒரு சாவடியின் எண் அந்தச் சாவடியின் எண்தான். அதில் யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை அந்தக் காகிதம் சொல்லாது.

இனி ‘மலையாளி’. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்கு அதுதான் பெயர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்குவது, கேரளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். வடமாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர்கள் இதில் தடுமாறுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன் தன் தரவுக் கோப்பில் ‘தாய்மொழி’ பத்தியில் மலையாளம் என்று நிரப்பி வைத்திருந்தான்! இன்னும் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயரோடு சில மாவட்டங்களின் பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன. சேலம், தர்மபுரி எல்லாம் அதில் உண்டு. ஈரோடு இல்லை. அதனால் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே பெயர்கொண்ட மக்கள் பழங்குடித் தகுதிக்காக நீண்டகாலமாகக் கோரிக்கை வைத்து வருகிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தும் சட்டத்தின் பார்வை வேறாக இருப்பது நல்ல ஆய்வுத் தலைப்பு. அதை ஏன் இதுவரை ஒருவரும் என்னிடம் கொண்டுவரவில்லை என்பது எனக்குள்ள சின்ன வருத்தம்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். மாணவனாக இருந்தபோது எனக்குக் கொடுத்த வேலை, உள்ளாட்சி வேட்பாளர் பட்டியலைப் பார்த்துச் சாதிக் குறியீடு போடுவது. பெயரின் பின்னால் ‘கவுண்டர்’ என்று இருந்ததை எல்லாம் கொங்கு வேளாளர் என்று போட்டுத் தள்ளினேன். மூன்று வாரம் உட்கார்ந்து செய்த வேலை. ஒரு தேநீர்க் கடையில் அந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்த பெரியவர் ஒருவர், “தம்பி, இவரு வன்னியரு. இவரு மலைக்காரரு. இது வேட்டுவக் கவுண்டரு. இந்த ஒருத்தர்தான் நீ சொல்ற ஆளு” என்று விரல் வைத்துக் காட்டினார். சேலம் மாவட்டத்தில் வன்னியரும் கவுண்டர் என்று போட்டுக்கொள்வார்கள், மலையாளிகளும் போட்டுக்கொள்வார்கள். முழுக் கோப்பையும் மறுபடி செய்தேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: குறியீட்டுக்குப் பக்கத்தில் ‘எப்படித் தெரியும்’ என்று தனிப் பத்தி. வேட்பாளரே சொன்னது, சான்றிதழில் பார்த்தது, ஊகித்தது என்று மூன்றில் ஒன்றை அதில் எழுதுவேன். ஊகம் அதிகமாகிவிட்டால் அந்தப் பகுப்பாய்வையே கைவிட்டுவிடலாம்.

சட்டப் பெயர்களிலும் கவனம் வேண்டும். பழங்குடிப் பகுதி என்றதும், அப்படிப்பட்ட பகுதிகளுக்கான அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணை, அங்கே கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் பெசா சட்டம் என்று எழுதத் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. ஆகவே 1996-ன் பெசா ஏற்காட்டுக்குப் பொருந்தாது. இங்கே கிராம சபை இயங்குவது 1994-ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி. காட்டு உரிமை பற்றிப் பேச வேண்டுமானால் 2006-ன் வன உரிமைச் சட்டத்தைப் படியுங்கள்.

கள வேலைக்குத் தேதி குறிப்பதிலும் ஒன்று சொல்ல வேண்டும். செமஸ்டர் விடுமுறை என்று மே மாதம் வருவார்கள். அப்போது ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம், சேர்வராயன் கோயில் திருவிழா, அறை வாடகை எட்டாத உயரம். அரையாண்டு விடுமுறையில் வந்தால் காப்பிப் பழம் பறிக்கும் காலம், பகலில் வீடுகள் பூட்டிக் கிடக்கும். உடனே எஸ்டேட்டுக்குள்ளேயே போய், மேஸ்திரி பக்கத்தில் நிற்க, “போன தேர்தல்ல யாருக்குப் போட்டீங்க அக்கா?” என்று கேட்கிறார்கள். அந்த அக்கா மேஸ்திரியின் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், பிறகு உங்களுக்கு ஒரு பதில் சொல்வார். கேள்வித்தாளில் அதை ‘பதில் 1’ என்று வட்டமிட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்துவிடுவீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். கடைசிப் பேருந்தின் நேரத்தை மட்டும் முன்னாடியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.