ஒரே தொட்டியில் இரண்டு முரட்டு மீன்கள்: எங்கே தவறு செய்கிறோம்?

வாங்கும்போது ஆஸ்கர் மீன் குஞ்சு சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். ஜாக் டெம்ப்சி குஞ்சும் அதே அளவில் ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கும். இரண்டையும் சேர்த்து விட்டால் மாதக்கணக்கில் ஒரு சண்டையும் வராது. பக்கத்தில் பக்கத்தில் படுக்கும், ஒரே இரையைத் தின்னும். நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். எட்டாவது மாதம் ஒரு காலையில் டெம்ப்சி ஹீட்டருக்குப் பின்னால், வால் கிழிந்து, நிறம் வெளுத்து, மேல்மட்டத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அது பிழைக்கவில்லை.

அந்த எட்டு மாத அமைதியை நட்பு என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. ஆஸ்கர், டெம்ப்சி போன்ற சிக்லிட் குடும்பத்து மீன்கள் இனப்பெருக்க வயதை நெருங்கும்போதுதான் இடம் பிடிக்கத் தொடங்கும். அதற்கு முன் அவை குழந்தைகள். ஆகவே குஞ்சு எப்படி இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், வளர்ந்த மீனை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். ஆஸ்கர் 30 சென்டிமீட்டர் வரும், டெம்ப்சி 20 முதல் 25 வரை. 1919 முதல் 1926 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த குத்துச்சண்டை வீரரின் பெயரைத்தான் இந்த மீனுக்கு வைத்தார்கள். ஆனால் பெயரை நம்பி, இது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. பல டெம்ப்சிகள் ஆஸ்கரை விடக் கூச்ச சுபாவம் உள்ளவை.

இந்த மீன்கள் எதற்காக அடித்துக்கொள்கின்றன என்பது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. ஆற்றில் ஒரு மீன் தன் இடத்துக்குள் வந்த இன்னொன்றை விரட்டும். தோற்றது சில மீட்டர் தள்ளிப் போய்விடும். எல்லையைத் தாண்டிவிட்டதால் ஜெயித்ததும் விட்டுவிடும். சண்டை அத்தோடு முடிந்தது. தொட்டியில் தோற்ற மீனுக்குப் போக இடம் இல்லை. அது கண்ணாடி ஓரத்தில் நிற்கிறது. ஜெயித்த மீனின் கணக்கில் அது இன்னும் போகவில்லை. அதனால் மறுபடி இடிக்கிறது, மறுபடி, மறுபடி. இதில் கொடூரம் ஒன்றும் இல்லை. போகச் சொல்கிறது, போக முடியாத இடத்தில் நாம் வைத்திருக்கிறோம்.

அதனால்தான் தொட்டியின் அளவு முக்கியம். வளர்ந்த ஒரே ஒரு ஆஸ்கருக்கே 280 லிட்டர், அதாவது நல்ல அகலமான நாலடித் தொட்டி வேண்டும். கூட ஒரு டெம்ப்சியோ, கிரீன் டெரர் என்ற இன்னொரு சிக்லிட்டோ இருந்தால் ஆறடித் தொட்டி, 450 லிட்டருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் லிட்டரை மட்டும் பார்ப்பதும் தவறுதான். இந்த மீன்கள் பங்கு போடுவது தரையை. உயரமான, குறுகலான தொட்டி எவ்வளவு தண்ணீர் பிடித்தாலும் அவற்றுக்குப் பயன் குறைவு. நீளமும் அகலமும்தான் கணக்கு.

பெரிய தொட்டி வாங்கியவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மீன் நன்றாகத் தெரிய வேண்டும் என்று உள்ளே ஒன்றுமே வைக்க மாட்டார்கள். ஒரு முனையில் இருக்கும் மீனுக்கு மறு முனையில் இருப்பது நாள் முழுக்கக் கண்ணில் படும். பார்வையை மறைக்க வேண்டும். பெரிய கற்களும் மரக்கட்டைகளும் தொட்டியை இரண்டு மூன்று அறைகளாகப் பிரிப்பது போல இருக்கட்டும். கற்களை மணலுக்கு மேல் வைக்காதீர்கள். முதலில் கல், பிறகு அதைச் சுற்றி மணல். இவை தோண்டும் மீன்கள், அடியில் தோண்டினால் கல் சரிந்து மீன் மேலோ கண்ணாடி மேலோ விழும். அப்புறம், ஒளியும் பொந்துக்கு இரண்டு வாசல் வேண்டும். ஒரே வாய் உள்ள பானையை வைத்துவிட்டு ஒளிய இடம் கொடுத்ததாக நினைப்போம். துரத்தும் மீன் வாசலில் நின்றுகொண்டால் அது பொறி.

அளவு வித்தியாசத்தையும் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். "இது பத்து, அது இருபது சென்டிமீட்டர், இரண்டு மடங்குதானே" என்று தோன்றும். நீளம் இரட்டித்தால் எடை கிட்டத்தட்ட எட்டு மடங்கு ஆகும். சின்ன மீன் சண்டை போடவே முடியாது. இன்னும் சிறியதாக இருந்தால் அது இரை. ஆஸ்கர் வாயில் அடங்குவதை ஆஸ்கர் விழுங்கும், அதற்குச் சண்டை என்று பெயர்கூட இல்லை.

எதோடு எதைச் சேர்ப்பது என்பதில் ஒரு பொது விதி: உருவமும் நிறமும் ஒத்திருக்கும் இரண்டு இனங்களைச் சேர்க்காதீர்கள். தன்னைப் போல் இருப்பதைத்தான் மீன் போட்டியாளராகப் பார்க்கும். ஃப்ளவர்ஹார்ன் மீனைப் பற்றி என் கருத்து திட்டவட்டமானது, அதைத் தனியாகத்தான் வளர்க்க வேண்டும். 1990களில் மலேசியாவில் மனிதர்கள் உருவாக்கிய கலப்பினம் அது. கண்ணாடிக்கு வெளியே நம் கையைப் பார்த்தே பாய்கிறது, பக்கத்தில் இன்னொரு மீனை எப்படி விடும்? மலாவி ஏரியின் ம்புனா மீன்களும் முரடு, ஆஸ்கரும் முரடு, எனவே சரியாகப் போகும் என்று சேர்ப்பவர்கள் உண்டு. ம்புனாவுக்கு பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7.8க்கு மேல் உள்ள கடினமான, அதாவது தாது உப்பு அதிகமுள்ள தண்ணீரும் பாசி வகை உணவும் வேண்டும். ஆஸ்கர் அமேசான் பகுதி மீன், மென்மையான தண்ணீருக்குப் பழகியது, மாமிசச் சத்து அதிகம் கேட்கும். ஆஸ்கர் தீனியைத் தொடர்ந்து தின்னும் ம்புனாவுக்கு வயிறு ஊதிச் சாகும் ஆபத்து இருக்கிறது. சிறிய தொட்டியில் ஃபைட்டர் மீனையும் கௌராமி மீனையும் சேர்ப்பதும் தவறுதான். இரண்டுமே மேல்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்குபவை, இரண்டின் ஆண்களும் நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டுபவை. ஒரே இடத்துக்கு இரண்டு உரிமையாளர்கள்.

கான்விக்ட் என்ற சின்ன சிக்லிட்டின் ஆண், பெண் ஜோடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 10 முதல் 15 சென்டிமீட்டர் மீன்தானே என்று ஆஸ்கர் தொட்டியில் விடுவார்கள். முட்டை வைத்த அன்று அந்தச் சின்ன ஜோடி பெரிய ஆஸ்கரையே மூலைக்குத் தள்ளிவிடும். ஜோடியாக வாங்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை இல்லை.

புது மீனை, பழைய மீன் ஆளும் தொட்டியில் அப்படியே இறக்காதீர்கள். இரண்டு முதல் நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகு, விடும் நாளில் கற்களின் இடத்தை எல்லாம் மாற்றுங்கள். பழைய எல்லைகள் அழிந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் புது வீட்டுக்கு வந்தது போல ஆகிவிடும். விளக்கை அணைத்துவிட்டு விடுவது நல்லது.

பசி தீர்ந்தால் சாந்தமாகும் என்று உயிருள்ள தங்கமீன்களை இரையாகப் போடும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். நோய் கூடவே வரும். தங்கமீனின் உடலில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். நல்ல பெல்லட் தீனியைத் தொட்டியின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் போடுங்கள், அடங்கிப் போன மீனுக்கும் ஒரு வாய் கிடைக்கும். பெரிய மீன்கள் கழிவும் அதிகம் போடும். அந்தக் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் 40 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 40 பங்கு) தாண்டக் கூடாது. தண்ணீர் கெட்டால் அடிபட்ட துடுப்பு ஆறாது.

எந்தச் சண்டைக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் தெரியவில்லை. செவுளை விரித்து, நிறம் பளிச்சென்று ஏற, வாயோடு வாய் கவ்வி இழுக்கும்போது பார்க்கவே பதறும். ஆனால் அது இரண்டு பேரும் பலம் பார்ப்பது, பெரும்பாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். பயப்பட வேண்டியது சத்தமில்லாத ஒருபக்கத் துரத்தலுக்கு. ஒன்று மட்டுமே துரத்தும், மற்றது திரும்பி நிற்காது. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேல் மூலையிலோ ஃபில்டருக்குப் பின்னாலோ நிற்கும், சாப்பிட வராது, நிறம் மங்கும். இதை ஒரு நாள் முழுக்கப் பார்த்தால் பிரித்துவிடுங்கள். "பழகிக்கும்" என்று காத்திருந்துதான் நான் இழந்தேன்.

பிரிக்க ஏதாவது கையில் இருக்க வேண்டும், அடிபட்ட பிறகு தேடக் கூடாது. ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று, அல்லது ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரோடு ஒரு உபரித் தொட்டி. காயம் ஆறியதும் அந்த மீனை அதே தொட்டியில், அதே ஏற்பாட்டில் திரும்ப விடுவது கடைசித் தவறு. துரத்திய மீனை முதலில் வெளியே எடுத்து சில நாள் வையுங்கள். அடிபட்டது தொட்டி முழுவதும் சுற்றி, தனக்கென்று ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளட்டும். பிறகு தடுப்பைப் போட்டு மற்றதை விடுங்கள். தடுப்பு வழியாகவே ஒரு வாரத்துக்குப் பிறகும் முட்டிக்கொண்டிருந்தால் அந்த இரண்டுக்கும் இரண்டு தொட்டிதான்.